பின்சீட்டுச் சத்தம்

செஞ்சி,
ஆகஸ்டு 20, 2025

மரியாதைக்குரிய ஜெயசுதா அக்கா அவர்களுக்கு,

வெண்மதியின் வீட்டுக்காரன் வீரமணி எழுதுகிறேன். இங்கே நாங்கள் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். உங்கள் புண் முழுவதும் ஆறிவிட்டதா, புதுக்கால் பொருந்தி வருகிறதா, மணப்பாறையில் வெயில் கொஞ்சமாவது தணிந்ததா என்று தெரிந்துகொள்ள ஆசை. உங்களை நான் ஒரே ஒருமுறை பார்த்திருக்கிறேன், போன வருஷம் ஜம்மு ஆஸ்பத்திரியில். நீங்கள் அப்போது மயக்கத்தில் இருந்ததால் என் முகம் உங்களுக்கு நினைவிருக்காது.

போனில் கூப்பிட்டால் மணி அடித்து அடித்து ஓய்ந்துவிடுகிறது. கோபத்தில் இதைச் சொல்லவில்லை அக்கா. எங்கள் வீட்டிலும் ஒருத்தி போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறாள். கடிதம் என்றால் உங்களுக்குத் தோன்றுகிறபோது பிரித்துப் படிக்கலாம். அதனால்தான் தபால்.

வெண்மதி விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு பங்குனியில் ஊருக்கு வந்துவிட்டாள். மகள் ஜெயஸ்ரீ கைக்குழந்தையாக இருந்தபோது டூட்டிக்குத் திரும்பியவள், அந்தக் குழந்தை காலேஜ் ஹாஸ்டலுக்குப் போன பிறகு வீட்டுக்கு வந்திருக்கிறாள். நடுவில் மகளுக்குத் தலை பின்னிவிட்டது, சடங்கு செய்தது எல்லாம் நான்தான். கூட்டுரோட்டில் என் தையல் கடைக்கு வருகிறவர்கள் என்னை ‘மிலிட்ரிக்காரி புருஷன்’ என்றுதான் சொல்வார்கள். எனக்கு அதில் வருத்தம் கிடையாது.

அவள் வந்த புதிதில் தெருக்காரர் ஒருவர், “மிலிட்ரில லேடீசுக்கு இன்னா வேலை, சமையலா?” என்று கேட்டார். “வண்டி ஓட்டுனேன்” என்றாள். “ஆபீசரம்மா காரா?” என்றார். அவள் எழுந்து போய் அரிசி களைய ஆரம்பித்துவிட்டாள். துணை ராணுவத்தில், மலைப்பாதையில் ஆள் ஏற்றிய பெரிய லாரியை ஓட்டியவள் என்று நான் சொன்னேன். பெண்டாட்டி புகழ் பாடுகிறேன் என்று நினைத்து அவர் சிரித்துவிட்டுப் போனார்.

என் கவலை அதுவல்ல. விடியற்காலையில் கோட்டை ரோட்டில் ஓடுகிறாள். நன்றாகச் சாப்பிடுகிறாள். ஸ்கூட்டியை எடுத்தால் காற்றாகப் பறக்கிறாள். ஆனால் நான் பின்னால் ஏறி உட்கார்ந்தால் அவள் கை நடுங்குகிறது. புருஷனைப் பின்னால் வைத்து ஓட்டக் கூச்சப்படுகிறாள் போலும் என்று முதலில் எனக்குள்ளேயே சிரித்துக்கொண்டேன். விடுமுறைக்கு வந்த ஜெயஸ்ரீயை ஏற்றிக்கொண்டு போனவள், தெருமுனையிலேயே மகளை இறக்கிவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு திரும்பி வந்தாள். அன்றைக்குத்தான் இது சிரிக்கிற விஷயமில்லை என்று புரிந்தது. பஸ்ஸில் போனாலும் கடைசி சீட்டில்தான் உட்காருகிறாள். தன் முதுகுக்குப் பின்னால் யாரும் இருக்கக் கூடாது.

சுதந்திர தினத்தன்று முன்னாள் படைவீரர்களுக்கு மரியாதை செய்கிறோம் என்று ஒரு கூட்டத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அவளைச் சமாதானப்படுத்தி அழைத்துப் போனேன். மைக்கில் என் பேரைக் கூப்பிட்டு என் தோளில் சால்வையைப் போட்டுவிட்டார்கள். நான் ஜாக்கெட்டுக்கு அளவெடுக்கிறவன் அக்கா, துப்பாக்கியைத் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை. “நான் இல்லைங்க, இவங்க” என்று சொல்வதற்குள் போட்டோவும் எடுத்தாயிற்று. சால்வையை அவள் தோளுக்கு மாற்றினேன். அவள் அதை மடித்து நாற்காலியில் வைத்துவிட்டு நடக்க ஆரம்பித்தாள்.

இப்போது இன்னொன்று. எங்கள் தெருவில் நாகம்மாள் என்று ஒருத்தர் இருக்கிறார், மகளிர் குழுத் தலைவி. மணிலாக்கொட்டை (உங்கள் பக்கத்தில் கடலை), காய்கறி, பூ என்று சந்தை சந்தையாகக் கொண்டுபோய் விற்கிற குழு. ஒரு பள்ளிக்கூடம் கழித்துப்போட்ட மஞ்சள் வேனை வாங்கி வைத்திருக்கிறார்கள். வந்த டிரைவர்களில் ஒருவருக்குக் குடி. இன்னொருவருக்குப் பொம்பளைகள் சொல்கிற இடத்தில் நிறுத்துவது கௌரவக் குறைச்சல். வேன் இப்போது வேப்பமரத்தடியில் சும்மா நிற்கிறது. நாகம்மாள் வந்து, “ஏம்மா மதி, நீ ஓட்டேன்” என்று கேட்டார். “அத மட்டும் கேக்காதக்கா” என்று சொல்லிவிட்டாள்.

மழையில் பாறை சரிந்தது, வண்டி பள்ளத்தில் உருண்டது, அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த உங்களுக்குக் கால் போயிற்று, பின்னால் இருந்த சுமலதா இறந்துபோனாள். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். இதற்கு மேல் அவள் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. நீங்கள் ஒரே ஒரு தடவை அவளோடு பேசினால் நன்றாயிருக்கும். ஒன்றும் சொல்லக்கூட வேண்டாம், உங்கள் குரல் அவள் காதில் விழுந்தால் போதும்.

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி போன்ற
வீரமணி


செஞ்சி,
அக்டோபர் 12, 2025

அன்புள்ள ஜெயசுதா அக்காவுக்கு,

போன கடிதத்துக்குப் பதில் வரவில்லை. திரும்பியும் வரவில்லை. அதனால் உங்கள் கைக்குக் கிடைத்திருக்கும் என்று நம்புகிறேன். ஒரு சேதி இருக்கிறது. அதை உங்களைத் தவிர வேறு யாரிடம் சொன்னாலும் பாதிதான் புரியும்.

புரட்டாசி பிறந்ததும் ஒருநாள் நாகம்மாள் வந்து, வேன் நின்று நின்று பேட்டரி செத்துக்கொண்டிருக்கிறது, சும்மா ஏரிக்கரை வரைக்கும் ஓட்டிவிட்டு வந்து விடு என்று கேட்டார். காலி வண்டிதானே என்று வெண்மதி எடுத்தாள். அக்கா, அந்தப் பழைய வேன் அப்படிப் போகும் என்று யாரும் நினைக்கவில்லை. அந்தச் சந்துக்குள் ஒரே ஒடிப்பில் திருப்பி, சுவரில் ஒரு கீறல் படாமல் எடுத்தாள். போய்த் திரும்பி வந்து மரத்தடியில் நிறுத்தியதும் பொம்பளைகள் கைதட்டிக்கொண்டு திபுதிபுவென்று உள்ளே ஏறிவிட்டார்கள். “உடு, அப்படியே ஒரு ரவுண்டு!” என்று ஒரே கூச்சல்.

வெண்மதி ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தாள். கண்ணாடியில் பின்பக்கத்தைப் பார்த்தாள். நெற்றியெல்லாம் வேர்வை. என்னமோ ஏதோ என்று ஏறியவர்கள் எல்லாம் கப்பென்று அடங்கிவிட்டார்கள். அவர்கள் அடங்கினதுதான் தாமதம், இன்ஜினை நிறுத்திவிட்டு இறங்கி, மண்ணில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

நான் கடையிலிருந்து சாப்பிட வந்தவன், ஓடிப்போய் நின்றேன். நாகம்மாள் என்னைக் கையைக் காட்டி நிறுத்திவிட்டார். மற்றவர்களையும் தள்ளி நிற்கச் சொன்னார். தானும் முந்தானையைச் செருகிக்கொண்டு அவள் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் இருவரும் வேனின் டயரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்புறம் அவளே சொன்னாள். எனக்குச் சொல்லாததை அன்றைக்கு எனக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

“பின்னாடி பாட்டும் சிரிப்புமா வந்தாங்கக்கா. சுமாதான் பாடிக்கினு வந்தா. வண்டி உருண்டு நின்னுது. நான் கண்ண தொறந்தேன். பின்னாடி ஒரு சத்தமும் இல்ல. சுமா, சுமான்னு கூப்டேன். ஒரு சத்தமும் இல்ல. இப்ப யாரு பின்னாடி உக்காந்தாலும் எனக்கு அதான் கேக்குது. அந்தச் சத்தம் இல்லாததுதான் கேக்குது.”

நாகம்மாள் அவள் தோளைத் தொட்டார். “சத்தந்தானே வேணும் உனக்கு?” என்றார். “எங்ககிட்ட வேற இன்னா இருக்குது?”

அக்கா, அன்று சாயங்காலம் எங்கள் தெருவில் நடந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். வேனில் ஏறுகிறவர்கள் வாயை மூடக் கூடாது என்று நாகம்மாள் உத்தரவு போட்டார். பாட்டுத் தெரிந்தவர்கள் பாட வேண்டும், தெரியாதவர்கள் சண்டை போட வேண்டும். பூவாயி என்று ஒருத்தர் இருக்கிறார், பூ விற்கிறவர், மூச்சிரைப்பு. நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச முடியாது. அவர் வீட்டுக்குப் போய், விற்றுப்போன மாட்டின் கழுத்துச் சலங்கையைத் தூக்கிக்கொண்டு வந்து மடியில் வைத்துக்கொண்டார்.

முதல்நாள் வேப்பமரத்திலிருந்து தெருமுனை வரைக்கும் போனார்கள். மறுநாள் கூட்டுரோடு வரைக்கும். என் கடையில் மெஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தேன். கல்யாண வீட்டை அப்படியே பெயர்த்தெடுத்து வருகிற மாதிரி வேன் வருகிறது. ஒருத்தி கோவில் பாட்டு, ஒருத்தி மருமகளைப் பற்றிய புகார், நடுவில் சலங்கை. டிராபிக் போலீஸ்காரரே ஒதுங்கி வழி விட்டார். வெண்மதியின் முகம் இறுகித்தான் இருந்தது. ஆனால் கை ஸ்டியரிங்கில் நின்றது.

அப்புறம் தளவானூர் வரைக்கும் காய் ஏற்றப் போனார்கள். போன புதன்கிழமை அவலூர்பேட்டை சந்தைக்கே ஓட்டிக்கொண்டு போய்த் திரும்பி வந்துவிட்டாள். வந்ததும் வராததுமாக, “பசிக்குது, சோறு போடு” என்று கேட்டாள். பங்குனியிலிருந்து அவள் வாய்விட்டுக் கேட்ட முதல் சோறு. நான் அடுப்படிக்குப் போய்க் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டுத்தான் தட்டை எடுத்து வந்தேன்.

உங்களுக்கு இப்படிச் சத்தம் போடப் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று தெரியவில்லை. உங்கள் அண்ணன் வீட்டில் இருக்கிறீர்கள் என்று மட்டும் வெண்மதி சொல்லியிருக்கிறாள். மழைக்காலம் வருகிறது, கால் வெட்டுப்பட்ட இடம் குளிரில் வலிக்கும். வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள்.

இப்படிக்கு,
தம்பி வீரமணி


செஞ்சி,
ஜனவரி 28, 2026

அன்புள்ள ஜெயசுதா அக்காவுக்கு,

இந்தக் கடிதம் வெண்மதிக்குத் தெரிந்து எழுதுவது. முந்தைய இரண்டையும் பற்றிச் சொல்லிவிட்டேன். திட்டுவாள் என்று நினைத்தேன். “அக்கா பதில் போட்டாளா?” என்று மட்டும் கேட்டாள்.

பொங்கலுக்கு மறுநாள் உங்கள் நம்பரிலிருந்து ஒரு அழைப்பு வந்தது. அவள் எடுப்பதற்குள் நின்றுவிட்டது. அதற்குப் பிறகு அவள் எங்கே போனாலும் அந்தப் போன் கையோடு போகிறது, கவிழ்த்து வைப்பதில்லை. தெரியாமல் பட்டுவிட்ட அழைப்பாகவே இருந்தாலும் உங்களுக்கு நன்றி.

கார்த்திகை மழையில் நடந்ததை எழுதத்தான் உட்கார்ந்தேன். யாரோ சொல்லிக் கேட்டதில்லை. நானும் அந்த வேனில் இருந்தேன். அவலூர்பேட்டையில் ஒரு கடைக்குத் தைத்த உருப்படிகளைக் கொடுக்கப் போய்விட்டு, குழுவோடு திரும்பிக்கொண்டிருந்தேன். கடைசி சீட்டு எனக்கு. முன்னால் பத்துப் பன்னிரண்டு பொம்பளைகள், காலிக் கூடைகள். பொழுது சாய்கிற நேரம். மழை வலுத்துவிட்டது. இரண்டு ஏரிகளுக்கு நடுவில் கரைமேல் போகிற ஒடுக்கமான ரோடு, அதன் கடைசியில் ஒரு தரைப்பாலம். பாலத்தின் மேல் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. முழங்கால் அளவுகூட இருக்காது என்றுதான் எனக்குத் தோன்றியது.

வெண்மதி வண்டியை நிறுத்தினாள். பின்னால் ஒரு லாரி, அதற்குப் பின்னால் ஒரு மினி பஸ். லாரிக்காரர் ஹாரனில் வைத்த கையை எடுக்கவில்லை. தலையை வெளியே நீட்டி, “ஓட்டத் தெரியலன்னா ஓரங்கட்டும்மா, நான் போய்க்கினே இருக்கேன்” என்று கத்தினார். அவள் இறங்கி மழையில் பாலத்துக்குக் கிட்டே போனாள். தண்ணீரையே பார்த்தாள். ஓர் இடத்தில் மட்டும் அது செம்மண் கலந்து சுழித்துக்கொண்டு போனது. திரும்பி நேராக லாரிக்கு முன்னால் வந்து நின்றாள்.

“கீழ மண்ணு அரிக்குது. எந்த வண்டியும் இங்கிருந்து முன்னால போகாது. எல்லாம் ரிவர்ஸ் எடுங்க.”

“நீ யாரும்மா சொல்றதுக்கு?”

“இருபது வருஷம் மலையில படைக்கு வண்டி ஓட்டுனவ. இன்னிக்கி ஒரு நாளு என் பேச்ச கேளுங்க. நான் சொன்னது தப்புன்னா நாளைக்கி சந்தையில வந்து திட்டுங்க, நின்னு வாங்கிக்கிறேன்.”

கல்யாணமானதிலிருந்து நான் கேட்டிராத குரல் அக்கா அது. நீங்கள் கேட்டிருப்பீர்கள். அந்தக் குரலுக்கு மினி பஸ் முதலில் பின்வாங்கியது. லாரிக்காரர் முணுமுணுத்துக்கொண்டே கியரை மாற்றினார். அவள் நனைந்துகொண்டே நின்று, கையைக் காட்டிக் காட்டி இரண்டையும் கரை தொடங்குகிற மேட்டுக்கு அனுப்பிவிட்டுத்தான் வந்து ஏறினாள்.

இனி எங்கள் முறை. இருட்டிக்கொண்டு வருகிறது. இரண்டு பக்கமும் ஏரித் தண்ணீர் ரோட்டு விளிம்புக்கு வந்துவிட்டது. திருப்ப இடமில்லை, அவ்வளவு தூரமும் பின்னாலேயே போக வேண்டும். வேன் நகர்ந்ததும் பின்சக்கரம் ஒரு பக்கம் லேசாக வழுக்கியது. யாரோ “ஐயோ” என்றார்கள். அத்தோடு வேனுக்குள் பேச்சு நின்றது. பாட்டு இல்லை, சண்டை இல்லை, சலங்கையும் இல்லை. நாகம்மாள்கூடக் கண்ணை மூடிக்கொண்டார்.

வண்டி நின்றுவிட்டது. கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது. மண்ணில் உட்கார்ந்த அன்றைக்குப் பார்த்த அதே முகம். ஏதாவது பேச வேண்டும் என்று எனக்குத் தெரிகிறது, தொண்டையிலிருந்து காற்றுதான் வருகிறது. மழைச் சத்தம் மட்டும் கேட்டது.

அப்போது அவள் பேசினாள்.

“யாரும் பேச வேணாம். உங்களால முடியல, தெரியுது. நான் பேசுறேன், கேட்டுக்கினே வாங்க. எங்க கூட சுமான்னு ஒரு பொண்ணு இருந்தா. சித்தூர்க்காரி. பாம்பு வந்தா வால புடிச்சி வெளிய போடுவா, பல்லின்னா மட்டும் உயிரே போயிடும்...”

வேன் மெல்லப் பின்னால் நகர்ந்தது. கண் கண்ணாடியில், கை ஸ்டியரிங்கில், வாய் சுமலதாவைப் பற்றி. கூடாரத்தில் பல்லி வந்தால் சுமா துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு கட்டில்மேல் ஏறி நிற்பாளாம். சம்பளம் வந்ததும் வளையல் வாங்குவாளாம், டூட்டியில் போட முடியாது என்று பெட்டியில் அடுக்கி வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பாளாம். நீங்கள் தலைவலி என்று படுத்தால் உங்கள் டூட்டியை அவள் எடுத்துக்கொண்டு, அதற்கு வாடகையாக உங்கள் எண்ணெய்ப் பாட்டிலைக் காலி செய்வாளாம். பங்குனியில் வந்ததிலிருந்து எங்கள் வீட்டில் சுமலதா என்ற பேரை அவள் உச்சரித்ததில்லை அக்கா. அன்றைக்கு அந்தக் கரைமேல் சுமலதா எங்களோடு வேனில் வந்தாள்.

அவள் மூச்சு வாங்க ஒரு நொடி நிறுத்தியபோது, முன்சீட்டிலிருந்து பூவாயி, பேசவே பேசாத பூவாயி, “அந்தப் பல்லிய இன்னாதாம்மா பண்ணா?” என்று கேட்டார். யாரோ சிரித்தார்கள். நாகம்மாள் கண்ணைத் திறந்தார். “துப்பாக்கிக்குப் பயப்படாத பல்லி அது, ஜெயசுதாக்காதான் தொடப்பத்தோட வருவா” என்று வெண்மதி சொன்னதும் வேனே சிரித்தது. அழுதுகொண்டே சிரித்தார்கள். வெண்மதியும்தான். மேட்டில் வண்டி ஏறி நின்றது.

நாங்கள் இறங்கி நின்ற கொஞ்ச நேரத்தில் பாலத்துப் பக்கம் ஒரு சத்தம். பாதிப் பாலம் பெயர்ந்து தண்ணீரோடு போய்விட்டது. லாரிக்காரர் அதைப் பார்த்தார். அப்புறம் வெண்மதி முன்னால் வந்து நின்றார். “அக்கா, டீ சாப்புடுறியா?” என்று கேட்டார். “எல்லாருக்கும் வாங்கிக் குடு” என்றாள்.

மறுநாள் ஊர் முழுக்க இதே பேச்சு. கடைக்கு வருகிறவர்கள் அளவு கொடுக்காமல் கதை கேட்டுவிட்டுப் போனார்கள். பேச்சு பனமலை வரைக்கும் போய், அங்கிருந்து அமலா என்று ஒரு பெண் வந்தாள். எல்லையில் காவல் நின்றவளாம். ஊருக்குத் திரும்பி ஆறு வருஷமாகிறது, விழுப்புரத்தில் ஒரு துணிக்கடை வாசலில் செக்யூரிட்டி. “என் மாமியா வீட்டுக்கு நான் எல்லைல நின்னதே கதைன்னு நெனப்பு” என்றாள். அவளும் வெண்மதியும் பேச ஆரம்பித்து, நான் இரண்டு முறை டீ போட்டும் பேச்சு முடியவில்லை. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டில் கூடுகிறார்கள். திண்டிவனத்திலிருந்து ஒரு நர்சம்மா வருகிறார், ராணுவ ஆஸ்பத்திரியில் இருந்தவர். தூக்கம் வராத கதையை ஒருத்தி சொன்னால் இன்னொருத்தி ஆமாம் என்கிறாள். நாகம்மாள் குழு சோறு ஆக்கிப் போடுகிறது. போன ஞாயிறு எல்லோருமாக ராஜகிரி மலைமேல் ஏறி, உச்சியில் நின்று கூச்சல் போட்டிருக்கிறார்கள். வெளியூரிலிருந்து கோட்டை பார்க்க வந்தவர்கள் பயந்துவிட்டார்களாம்.

முந்தாநாள் குடியரசு தினத்துக்கு எங்கள் தெருப் பள்ளிக்கூடத்தில் வெண்மதிதான் கொடி ஏற்றினாள். யாரும் யார் பேரையும் மாற்றிக் கூப்பிடவில்லை. நான் பொம்பளைகளோடு பின்வரிசையில் நின்று, தொண்டை கிழியக் கத்தினேன்.

அக்கா, மாசி முதல் ஞாயிற்றுக்கிழமை வேன் மணப்பாறைக்கு வருகிறது. வெண்மதி ஓட்டுகிறாள். அமலாவும் நர்சம்மாவும் நாகம்மாள் குழுவும் வருகிறார்கள். உங்கள் வீட்டு வாசலில் வந்து தொந்தரவு செய்ய மாட்டோம். மாரியம்மன் கோவில் பக்கத்தில் வண்டியை நிறுத்திக்கொண்டு சாயங்காலம் வரைக்கும் இருப்போம். நீங்கள் வந்தால் சேர்ந்து திரும்புவோம். வராவிட்டால் கோபமில்லை, அடுத்த மாதமும் வருவோம்.

போன வாரம் அவள் வேனைப் பட்டறைக்குக் கொண்டுபோய், இடப்பக்கக் கதவுக்குக் கீழே தாழ்வாக ஒரு படியும், பிடித்து ஏற ஒரு கம்பியும் வைத்துப் பற்றவைத்துக்கொண்டு வந்திருக்கிறாள். எங்கள் குழுவில் யாருக்கும் அந்தப் படி தேவையில்லை. யாருக்கென்று ஒருவரும் கேட்கவும் இல்லை.

உங்கள் கால்கள் இரண்டும் உங்களை நல்ல இடத்துக்குக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

அன்புடன்,
உங்கள் தம்பி
வீரமணி